முதலில் நம் கை, கடைசியில் நம் தெரு

2021 ஜனவரி 16. இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கிய நாள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், அன்றைய ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன் முன்னிலையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். கடைநிலை ஊழியருக்குக் கிடைத்த மரியாதை என்று பலரும் பாராட்டினார்கள்.

அந்தத் தோழரின் துணிச்சலை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. உடன் வேலை செய்பவர்கள் பயந்தார்கள், அந்தப் பயத்தைப் போக்கத் தானே முன்வந்தேன் என்று அவர் சொன்னார். நோய்க்கு நடுவே நின்று வேலை செய்பவருக்கு முதலில் ஊசி என்பதும் நியாயமே. நம் கேள்வி அவரிடம் இல்லை, அரசிடம்.

அன்று அவருக்குப் போடப்பட்டது கோவேக்சின். ஜனவரி 3 அன்று அதற்கு அவசரகால அனுமதி தந்தபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிந்திருக்கவில்லை. எத்தனை சதவீதம் பாதுகாப்புத் தரும் என்ற முடிவு யார் கையிலும் இல்லை. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதே நாளில் டெல்லியின் இன்னொரு அரசு மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், தங்களுக்குக் கோவிஷீல்டு போடுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மருத்துவருக்குக் கடிதம் எழுத ஒரு சங்கம் இருந்தது. நாடெங்கும் ஒப்பந்தக் கூலிக்கு மருத்துவமனைக் குப்பை அள்ளுபவர்களுக்கு என்ன இருந்தது?

கோவேக்சின் 77.8 சதவீதப் பாதுகாப்புத் தருகிறது என்று பின்னால் முடிவு வந்தது. நல்லது. ஆனால் ஜனவரி 16 அன்று அது தெரியாது. தெரியாத நேரத்தில் யாருடைய கை முதலில் நீட்டப்படுகிறது, தெரிந்த பிறகு யாருடைய தெரு கடைசியில் வருகிறது என்பதைத்தான் நாம் வரலாற்றிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இருநூறு ஆண்டு பழைய கதை

இந்த மண்ணில் முதல் தடுப்பூசி போடப்பட்டது 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில். போட்டுக்கொண்டது அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தை. பெரியம்மைக்கான அந்த அம்மைப்பால் இந்த வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். கெடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோக இருந்த முக்கிய வழி, ஒரு குழந்தையின் கையில் குத்தி, அங்கே கொப்புளம் எழும்பியதும் அதைக் கீறி நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குழந்தைகளின் கைகளே குளிர்பெட்டி.

யாருடைய குழந்தைகள்? பெரும்பாலும் ஏழைகளின், ஒடுக்கப்பட்ட சாதிகளின் குழந்தைகள். அந்தக் கைகளில் ஊறிய பால் தங்கள் உடம்பில் ஏறினால் தீட்டு என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்ததையும் ஆங்கிலேய ஆட்சியின் ஆவணங்கள் பதிவு செய்திருக்கின்றன. அதாவது வலியும் கொப்புளமும் நம் பிள்ளைகளுக்கு, தீட்டுப் பட்டமும் நம் பிள்ளைகளுக்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுக்குட்டியிலிருந்து பால் எடுக்கும் முறை பரவிய பிறகுதான் இந்த வழக்கம் மெல்ல ஒழிந்தது.

1897-இல் பம்பாய் மாகாணத்தைப் பிளேக் சூறையாடியது. பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஹாஃப்கின் அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அந்த நேர்மையை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அடுத்த சோதனை நடந்த இடம் பைகுலா சிறைச்சாலை. சிறைக்குள் இருப்பவர் ‘சரி’ என்று சொல்வதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேறு வழியின்மை என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

அதே ஆண்டு, அதே பிளேக்கில்தான் சாவித்ரிபாய் புலே இறந்தார். புனேவுக்கு அருகே முண்ட்வாவில் மகர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு நோய் கண்டபோது, அவனைத் தன் மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ முகாமுக்குச் சுமந்து சென்றார். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று மறைந்தார். தொட்டால் தீட்டு என்று ஒரு சமூகம் ஒதுக்கிய குழந்தையைத் தொட்டுத் தூக்கியதற்காக உயிரைக் கொடுத்தவர் அவர். பொதுச் சுகாதாரம் என்றால் என்னவென்று நாம் கற்க வேண்டியது அவரிடம்.

சுதந்திர இந்தியாவிலும் கதை பெரிதாக மாறவில்லை. பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில், 1974-75 வாக்கில், அன்றைய பீகாரின் சிங்பும் பகுதியில் ஹோ ஆதிவாசிகளின் வீடுகளுக்குள் இரவில் நுழைந்து, மறுத்தவர்களைப் பிடித்து அமுக்கி ஊசி குத்தினார்கள். பெரியம்மை ஒழிந்தது, அது மனித குலத்தின் வெற்றி. அந்த வெற்றிக்குள் அந்த இரவுகளும் இருக்கின்றன.

2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை வைத்து ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. ஊசி போடப்பட்டவர்கள் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள். கம்மத்தில் அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றது விசாரணைக் குழு. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் 2021 புரியும்.

ஓடிபி வராதவர்களின் இந்தியா

2021 மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்பூசி என்றார்கள். அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. சுடுகாடுகளில் வரிசை நின்றது. ஆனால் 18 முதல் 44 வயதுள்ளவர்கள் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி. நேரில் போனால் கிடையாது. ஸ்மார்ட்போன் வேண்டும், இணையம் வேண்டும், ஓடிபி வர வேண்டும். ஒரு கைப்பேசி எண்ணில் நான்கு பேருக்கு மேல் பதிய முடியாது. ஒரு தெருவுக்கே இரண்டு மூன்று ஸ்மார்ட்போன்கள் இருக்கும் காலனிகளில் இது என்ன கணக்கு?

அந்தத் தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் இந்தியையும் பிற மொழிகளையும் சேர்த்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. கண்டனம் எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள். முன்பதிவு திறந்த நொடியில் இடங்கள் தீர்ந்துபோயின. நகரத்தில் கிடைக்காதவர்கள் காரில் கிராமத்து மையங்களுக்கு வந்து போட்டுக்கொண்டு போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

காசு கொடுத்தால் தனியார் மருத்துவமனையில் கிடைத்தது. ஒரு டோஸ் கோவேக்சினுக்கு அரசே நிர்ணயித்த அதிகபட்ச விலை 1,410 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஒரு டோஸுக்கு ஐந்து நாள் கூலிக்கும் மேல். இரண்டு டோஸுக்குப் பத்து நாள். ஒரு குடும்பத்தில் நான்கு பேர் என்றால் எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தட்டுப்பாடு வானத்திலிருந்து விழவில்லை. கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய இடங்களில் இருந்த மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தை 2008-இல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பின்னர் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டாலும் இழந்த காலம் இழந்ததுதான். செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய அரசுத் தடுப்பூசி வளாகம், நாடு ஊசிக்குத் தவித்த 2021-இலும் உற்பத்தி இல்லாமல் கிடந்தது. பொதுத்துறை முடங்கிய இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்தது. சந்தையின் வரிசையில் நமக்கு எப்போதும் கடைசி இடம்.

உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்த வழக்கில், 18 முதல் 44 வயதினரைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் கொள்கை மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையானது, பகுத்தறிவற்றது என்று மே 31 தேதியிட்ட ஆணையில் சொன்னது. இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டது. ஜூன் 7 அன்று பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார். ஜூன் 21 முதல் அரசு மையங்களில் எல்லோருக்கும் இலவசம். இடைப்பட்ட ஏழு வாரங்களில் ஊசி கிடைக்காமல் இறந்தவர்களுக்கு அந்த மாற்றம் பயன்படவில்லை.

அறியாமை அல்ல, அனுபவம்

‘அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஊசின்னாலே ஓடுறாங்க’ என்ற பேச்சை அந்த நாட்களில் நாம் நிறையக் கேட்டோம். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்தபோது பயம் பரவியது உண்மை. அந்த மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று நிபுணர் குழு அறிவித்தது அக்டோபரில். ஆனால் அந்தப் பயம் படித்தவர் வீடுகளிலும்தான் இருந்தது. அங்கே அதற்குப் பெயர் ‘தயக்கம்’. சேரியில் மட்டும் அதற்குப் பெயர் ‘அறியாமை’.

ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. தினக்கூலிக்கு அது இரண்டு நாள் அடுப்பு எரியாமல் போவது. ‘காய்ச்சல்ல படுத்தா கூலி யார் தருவா?’ என்று கேட்ட அக்காவிடம் அறிவியல் விளக்கம் சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டது அறிவியல் கேள்வி அல்ல, கூலிக் கேள்வி. அரசு ஊசியை இலவசமாகக் கொடுத்தது. அந்த இரண்டு நாளைக் கொடுக்கவில்லை.

எங்கே அரசு தெருவுக்கு இறங்கி வந்ததோ, அங்கே மக்கள் கையை நீட்டினார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் முதல் மெகா முகாம் நடந்தது. சுமார் 40,000 இடங்களில், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். நீலகிரியில் பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் செவிலியர்கள் நடந்தே போய்ப் பேசிப் போட்டார்கள். அதே மக்கள்தான். மாறியது மக்களின் அறிவல்ல, அரசு வந்த தூரம்.

எண்ணாமல் விட்டது

2021 அக்டோபர் 21 அன்று நூறு கோடி டோஸ் என்று நாடு கொண்டாடியது. அந்த நூறு கோடியில் பட்டியலினத்தவர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குக் கோவினிடம் பதில் இல்லை. பெயர் கேட்டது, பிறந்த ஆண்டு கேட்டது, பாலினம் கேட்டது, அடையாள அட்டை எண் கேட்டது. சாதி கேட்கவில்லை. பாலினம் கேட்டதால்தான் பெண்கள் பின்தங்கியதை 2021-இலேயே எண்ணைக் காட்டிப் பேச முடிந்தது. சாதி கேட்காததால் நம் பின்தங்கல் ‘புகார்’ ஆகவே நின்றது, ‘தரவு’ ஆகவில்லை.

சாதியை எழுதுவது அரசுக்குக் கூச்சமா? அப்படியும் இல்லை. அதே 2021-இல்தான் நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து வழங்கச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஒரே இடத்தில் வேலை செய்தவர்களுக்கு வேறு வேறு நாளில் கூலி வந்தது என்ற புகார்கள் எழுந்து, பின்னர் அது கைவிடப்பட்டது. கூலி கொடுக்கும்போது சாதி பார்க்கத் தெரிந்த அரசுக்கு, உயிர் காக்கும்போது சாதிவாரிக் கணக்கு எடுக்கத் தெரியாமல் போனது. பெருந்தொற்றில் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள் என்ற தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். மருத்துவருக்கே அந்த நிலை என்றால், தூய்மைப் பணியாளரை யார் எண்ணியிருப்பார்கள்?

இரண்டும் வேண்டும்

நாம் தடுப்பூசிக்கு எதிரிகள் அல்ல. அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது, நம் உயிர்களையும் சேர்த்து. நம் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, ஊசி நம் தெருவுக்கு வர வேண்டும், காசில்லாமல், நம் மொழியில், கூலி இழப்புக்கு ஈடோடு. இரண்டு, நம் உடம்பைத் தொடும் முன் நம்மிடம் கேட்க வேண்டும். 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது என்றது. 1802-இன் குழந்தைகளுக்கும் சிங்பும் மக்களுக்கும் கிடைக்காத சொல் அது. ஆனால் கேட்காமல் போடுவது எப்படி அநீதியோ, கேட்டும் போடாமல் விடுவதும் அப்படியே அநீதி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அரசு எண்ணாததை நாம் எண்ணலாம். உங்கள் ஊரில் முதல் முகாம் எங்கே நடந்தது? ஊர்ப் பள்ளியிலா, காலனியிலா? காலனிக்கு வர எத்தனை வாரம் ஆனது? யார் பதிவு செய்து கொடுத்தார்கள்? காய்ச்சலில் படுத்தவர் எத்தனை நாள் கூலி இழந்தார்? யார் மிரட்டப்பட்டார், யார் திருப்பி அனுப்பப்பட்டார், யார் இரண்டாம் டோஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்? அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் பக்கத்து வீட்டு ஆயாவிடமும் கேட்டு, தேதியோடு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். அடுத்த தொற்று வரும்போது, நாம் நீட்ட வேண்டியது கையை மட்டும் அல்ல, இந்தக் கணக்கையும்தான்.