புவியியல் வேற, நிலவியல் வேற... கல்லூரி ஆசிரியராக எந்த 'நெட்' எழுதணும்? புதுக்கோட்டை மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

ஆலங்குடி பக்கம் போர் போட்டா மணலும் களிமண்ணுமா வரும். நார்த்தாமலை, குடுமியான்மலை பக்கம் போட்டா கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். ஒரே மாவட்டத்துக்குள்ளே ஏன் இப்படி? மேற்கே இருப்பது மிகப் பழமையான கடும்பாறை. கிழக்கே கடல் பக்கம் போகப்போக மண் படிவுகள். இதைக் கல்லூரியில் பாடமாக நடத்துவது ஒரு தனி வேலை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எப்படி உருவாகி வந்தது என்று விளக்குவதும் இதே துறைக்குள்தான் வரும்.

ஆனா இந்த வேலைக்கு எதைப் படிக்கணும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பெயரிலேயே குழப்பம்

பள்ளிப் புத்தகத்தில் வரும் 'புவியியல்' என்பது ஜியாகிரபி. பாறை, கனிமம், நிலத்தடி நீர் பற்றிப் படிப்பது ஜியாலஜி. அதை நிலவியல், புவியமைப்பியல் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள். காற்று, மழை, புயலைப் படிப்பது வானிலையியல். மூன்றுக்கும் துறை வேறு, பணியிடமும் வேறு.

எதற்கு எந்தத் தேர்வு?

எம்.எஸ்சி. நிலவியல், புவி இயற்பியல், வானிலையியல், கடலியல் படித்தவர்கள் எழுத வேண்டியது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட். அதில் 'புவி, வளிமண்டலம், பெருங்கடல் மற்றும் கோள் அறிவியல்' என்று ஒரே பாடமாக இருக்கும். 3 மணி நேரம், 200 மதிப்பெண். கேள்வித்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டும்தான், தமிழில் கிடையாது.

ஜியாகிரபி படித்தவர்களுக்கு வேற தேர்வு. அது யு.ஜி.சி. நெட். வேளாண் கல்லூரியில் வேளாண் வானிலையியல் நடத்தணும்னா வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் நெட். இதற்கு முதலில் வேளாண் படிப்புக்குள் போயிருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சி.எஸ்.ஐ.ஆர். பாடத்திட்டத்தில் இயற்கைப் புவியியலும் உண்டு. அதனால் ஜியாகிரபி மாணவர்கள் சிலர், 'இதையே எழுதிட்டா ஜியாலஜி துறைக்கும் போகலாமே' என்று நினைப்பது உண்டு. முடியாது. முதுகலைப் பட்டம் எந்தப் பாடத்தில் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பாடத்திலோ, அதற்குத் தொடர்புடைய பாடத்திலோ 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ள பாடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். புதுப்பெயர்ப் படிப்புகளில் சேரும்போதே இதை விசாரித்துக்கொள்வது நல்லது. இரண்டு வருஷம் படித்து முடித்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023-ல் யு.ஜி.சி. அறிவித்தது.

எங்கே படிக்கலாம்?

புதுக்கோட்டைக்குப் பக்கம் என்றால் திருச்சி நேஷனல் கல்லூரியில் நிலவியல் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை. அடுத்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி. வானிலையியலுக்கு பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் முடித்துவிட்டு கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகம் பக்கம் போகிறார்கள்.

சம்பளம் எவ்வளவு?

அரசு கலைக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே ரூ.57,700. அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தமிழக அரசு நிர்ணயித்த மாதத் தொகுப்பூதியம் ரூ.25,000. அதை ரூ.50,000 ஆக்கக் கோரி கோர்ட் வரை போயிருக்கிறார்கள். நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவது ஆசிரியர் தேர்வு வாரியம். அறிவிப்பு அடிக்கடி வராது. நிலவியல் துறை உள்ள கல்லூரிகளே குறைவு என்பதால், வந்தாலும் இடங்கள் கொஞ்சம்தான்.

அதனால் ஜியாலஜி மாணவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வையும் சேர்த்தே எழுதுவது வழக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போகும் வழி அது. பொறியியல் கல்லூரிகளில் சிவில் மாணவர்களுக்கு நிலவியல் ஒரு பாடம் என்பதால் அங்கும் ஆசிரியர் தேவை இருக்கிறது.

எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் என்றால் வயது வரம்பு இல்லை. மாதம் ரூ.37,000 உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப்.-க்கு உண்டு. பொதுப்பிரிவுக்கு 30 வயது.