படத்தின் பின்புறம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியாக ரமணாசிரமத்தைக் கடந்து செல்பவர்கள் ஒரு முகத்தைக் காணாமல் போக முடியாது. நரைத்த குறுந்தாடியும் அமைதி ததும்பும் கண்களும் கொண்ட ரமண மகரிஷியின் திருமுகம் அது. கடை வாசல்களிலும் வீட்டுச் சுவர்களிலும் தொங்கும் அந்தப் படத்தைப் பெங்களூரிலிருந்து வந்த வெல்லிங் என்னும் கலைஞர் 1946-ஆம் ஆண்டில் எடுத்தார். படத்தை அறிந்தவர் பல்லாயிரவர்; எடுத்தவர் பெயரை அறிந்தவர் சிலரே. சரித்திர ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்த எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயம். மாணவ நண்பர்களே, காமிராவுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றி, சிறப்பாகப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவர்களைப் பற்றி, இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் சரித்திரம் படித்த பிள்ளை ஒருவன் இப்போது உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றுக்குப் படம் எடுத்து வருகிறான். வயது முப்பதுக்குள். ஆசிரமத்துக்கு அருகிலேதான் குடியிருப்பு. மாதச் சம்பளம் கிடையாது. வெளியாகும் படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. திங்கட்கிழமை தோறும் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தின் முன் அவனைக் காணலாம். குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வரும் கிழவிகளையும் விவசாயிகளையும் படம் பிடிப்பான். பௌர்ணமி வந்தால் இரவெல்லாம் கிரிவலப் பாதையிலேயே கழியும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் எந்த இடத்தில் கூட்டம் நெரியும், எந்த மரத்தடியிலிருந்து மலையும் மனிதரும் ஒருங்கே தெரிவார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம்.

அவனுக்குப் பெரும் பரீட்சை கார்த்திகைத் தீபத்தன்று. மாலை 6 மணிக்குக் கோயிலினுள்ளே அர்த்தநாரீசுவரர் வெளிப்பட்டுக் காட்சி தந்து, சில நிமிஷங்களில் உள்ளே சென்றுவிடுவார். அதே வேளையில் 2,668 அடி உயரத்தில், மலையுச்சிக் கொப்பரையில் தீபம் எழும். அந்தியின் வெளிச்சம் வானத்தில் இன்னும் மிச்சமிருக்கும். வானத்துக்கு ஏற்பக் காமிராவை அமைத்தால் தீபம் ஒரு புள்ளியாய்ச் சுருங்கிப் போகும். தீபத்துக்காகக் காமிராவின் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்தால் கீழே கைகூப்பி நிற்கும் மக்கள் கலங்கிப் போவார்கள். பகலிலேயே இடம் பிடித்து, தண்ணீர்கூட அளவாகக் குடித்து, அந்தச் சில நிமிஷங்களுக்காகக் காத்திருப்பான். தவறினால் அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான்.

இத்தொழிலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. புகைப்படத்தை நுண்ணிய புள்ளிகளாக்கிச் செய்தித்தாளில் அச்சிடும் முறை 1880-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் நியூயார்க்கின் ‘டெய்லி கிராபிக்’ இதழில் வெற்றி கண்டது. அதன்பின் நெடுங்காலம், சுருளைக் கழுவி, படத்தைத் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து ‘பிளாக்’ செய்த பிறகே அச்சேற்ற முடிந்தது. வெளியூர்ப் படக்காரர் சுருளை உறையிலிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ அனுப்ப வேண்டும். தென்னாட்டில் அக்காலத்தில் இத்தொழிலுக்கு வந்த இளைஞர்களுள் மைசூரைச் சேர்ந்த டி.எஸ். சத்யன் புகழ்பெற்றவர். 1948-இல் பெங்களூரில் ‘டெக்கான் ஹெரால்டு’ தொடங்கிய ஆண்டிலேயே, இருபத்தைந்து வயதும் நிரம்பாத அவர் அதன் படக்காரராகச் சேர்ந்தார். என் மாணவனோ படத்தை எடுத்த இடத்திலிருந்தே கைப்பேசி வழியாக அனுப்பிவிடுகிறான்.

இனி 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்கு வாருங்கள். ரமணர் தம் கடைசி நாட்களில் இருந்தார். அப்பொழுது ஆசிரமத்துக்கு அருகே ஒரு வீட்டில் தங்கியிருந்தார் ஹென்றி கார்த்தியே பிரெஸோன் என்னும் பிரெஞ்சுக்காரர். 1908-இல் பிறந்தவர். 1947-இல் நண்பர்களோடு சேர்ந்து ‘மாக்னம்’ என்னும் புகைப்படக்காரர் கூட்டுறவு அமைப்பை நிறுவியவர். எடுத்த படத்தின் உரிமை எடுத்தவனுக்கே என்பது அவ்வமைப்பின் கொள்கை. லைக்கா என்ற சிறிய காமிராவே அவருடைய கருவி. அதன் பளபளப்பும் பிறர் கண்ணை உறுத்தாதபடி கறுப்பு நாடா ஒட்டி மறைத்து வைத்திருப்பார்.

ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு. அவரும் வேறு சிலரும் வீட்டின் முன் வெளியில் இருந்தபோது, ஒளிமிக்க வால் கொண்ட விண்மீன் போன்ற ஒன்று வானில் மெல்லச் சென்று அருணாசல மலையின் உச்சியை நோக்கி மறைந்ததைக் கண்டார்களாம். உடனே கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி 8.47. ஆசிரமத்துக்கு விரைந்தபோது, அதே நிமிஷத்தில் ரமணர் மறைந்ததை அறிந்தார்கள். மறுநாள் அடக்கத்தையும் திரண்டு வந்த மக்களையும் அவர் படம் எடுத்தார்.

அந்த ஒளியை எப்படிப் பொருள் கொள்வது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது; அதில் நான் தலையிடவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உலகின் தலைசிறந்த படக்காரர்களுள் ஒருவர் கண்ணெதிரே நிகழ்ந்த அந்நிகழ்ச்சிக்குப் படம் கிடையாது. ஆயினும் சரித்திரம் எழுதுபவன் அவருடைய வாக்கை இன்றும் எடுத்து ஆராய்கிறான். எதனால்? அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இடத்தையும் திசையையும் கண்டவாறே சொல்லி வைத்தார். படங்களுக்கும் இவ்வாறே குறிப்பு எழுதி அனுப்புவார். அதன் கருத்தைப் பத்திரிகைகள் மாற்றக் கூடாது என்பதில் கண்டிப்பானவர்.

இதற்கு நேர்மாறான ஒரு குற்றத்தை நான் செய்தவன். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுப்போம். படக்காரரை அழைத்து, பெஞ்சு போட்டு, உயரப்படி பிள்ளைகளை நிறுத்தி வைப்பது என் பொறுப்பு. நேரான வரிசை, முடிந்த பொத்தான், வாரிய தலை எல்லாவற்றையும் பார்த்தேன். படத்தின் பின்புறம் ஆண்டும் பெயரும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அதிலும், கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொன்னவன் நான்! ஓய்வு பெறும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய அப்படங்கள் என் வீட்டுக்கு வந்தன. திறந்து பார்த்தால் பாதி முகங்கள் ஊமையாக இருந்தன.

இத்தொழிலில் மற்றொரு சங்கடமும் உண்டு. 1946-இல் காந்தியடிகளைப் படம் எடுக்க வந்த அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் போர்க் வொய்ட், முதலில் இராட்டை நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருடைய செயலாளர் கூறிவிட்டார். அம்மையார் கற்றுக்கொண்ட பிறகே படம் எடுத்தார். அவரே 1948 ஜனவரி 30-ஆம் நாள், அண்ணல் உடல் கிடந்த அறையில் மின்வெட்டு விளக்குடன் படம் எடுக்க, துயரத்தில் இருந்தோர் சினந்து அவரை வெளியேற்றிச் சுருளையும் பாழாக்கினர். அன்று அங்கே படம் எடுத்தவர்களுள் பிரெஸோனும் ஒருவர். அவர் விளக்கைப் பயன்படுத்தாதவர். தொழில் எங்கே முடிகிறது, அத்துமீறல் எங்கே தொடங்குகிறது? அம்மையாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு படத்துக்காக அவரை அனுப்பிய உலகமும் அதில் பங்காளிதானே.

2024 டிசம்பர் 1-ஆம் நாள் இக்கேள்வி எங்கள் ஊருக்கே வந்தது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து, பாறையும் மண்ணும் வ.உ.சி. நகர் வீடுகளின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் சேற்றைத் தோண்டியபோது என் மாணவனும் அங்கே இருந்தான். சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

“பாறையை எடுத்தேன் ஐயா, தோண்டுகிறவர்களின் கைகளை எடுத்தேன். குழந்தைகளைத் தூக்கி வந்தபோது காமிராவைக் கீழே இறக்கிவிட்டேன். அலுவலகத்தில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.”

“அதற்காக வருத்தப்படுகிறாயா, தம்பி?”

“தெரியவில்லை ஐயா. இந்தப் படங்களைக் கண்டு மலைச்சரிவில் வீடு கட்டுவதை யாராவது தடுத்தால் நல்லது. ஆனால் அந்தத் தாய் நாளைக் காலையில் செய்தித்தாளைப் பார்ப்பாள் அல்லவா?”

நான் பதில் சொல்லவில்லை. அவன் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றின் கீழும் நாள், மணி, தெரு, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்பவை இருந்தன. அந்த ஆண்டு தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஆளற்ற மலைப்பாதையை அவன் எடுத்த படத்திலும் அப்படியே குறிப்பு உண்டு.

அன்று புறப்படும்போது மூலையிலிருந்த தகரப் பெட்டியைக் கண்டு என்னவென்று கேட்டான். சொன்னேன். சிரித்துவிட்டு அதைத் தன் வண்டியில் ஏற்றிச் சென்றான். இப்போது ஞாயிறு தோறும் வந்து, ஒவ்வொரு படத்தையும் கணினித் திரையில் பெரிதாக்கி, என்னையும் பழைய மாணவர்களையும் கேட்டுக் கேட்டுப் பெயர்களை எழுதுகிறான். முதல் படத்தில் 41 பிள்ளைகள். அவர்களுள் 38 பேரைக் கண்டுகொண்டோம். கடைசி வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருக்க நிற்கும் பையன் யார் என்பது இன்னும் தெரியவில்லை. அந்தக் காலரைச் சரி செய்யச் சொல்லி அவனை நான் அதட்டியது மட்டும் நினைவில் இருக்கிறது.