செயலிப் பாவனையாக்கம்

ஒரு சில்லு உருவாகும் முன்பே, அதன் செயலிக் கருவைப் போல நடந்துகொள்ளும் நிரலை வேறொரு கணினியில் ஓடவிட்டு, அந்தச் சில்லுக்கான மென்பொருளை எழுதிச் சோதிக்கும் முறை. இந்த நிரலுக்குச் சிமுலேட்டர் என்று பெயர். வடிவமைப்பை ஆலைக்கு அனுப்பியபின் சில்லு கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை காத்திராமல் கம்பைலர், இயங்குதளம் ஆகியவற்றின் வேலை சிமுலேட்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

செயலியின் பதிவகங்களும் நினைவகமும் சிமுலேட்டருக்குள் வெறும் மாறிகள். ஓர் ஆணையை எடுத்து, பொருள் பிரித்து, மாறிகளைத் திருத்திவிட்டுச் சிமுலேட்டர் அடுத்த ஆணைக்குச் செல்லும். எந்த இடத்திலும் நிறுத்தி எந்தப் பதிவகத்தையும் பார்க்கலாம். மெய்யான சில்லில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காத இந்த வசதி நிரலாளருக்குப் பெரிய வரம்.

இதற்கு ஆர்ம் செயலியைவிடத் தெளிவான சான்று அரிது. கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் நிறுவனத்தில் பணியாற்றிய சோஃபி வில்சன், தாம் வகுத்த ஆணைத்தொகுதியைப் பிபிசி பேசிக் நிரல்மொழியில் எழுதிய சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார். ஸ்டீவ் ஃபர்பர் வன்பொருளின் மாதிரியையும் அதே மொழியில் எழுதினார். சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று வந்தது. அன்றே அதில் பிபிசி பேசிக் ஓடியது.

2011 அக்டோபரில் ஆர்ம் நிறுவனம் தன் 64 பிட் அமைப்பை அறிவித்தபோதும் வழி இதுவே. லினக்ஸை அதற்கு மாற்றும் பணி மென்பொருள் மாதிரியின் மேல் நடந்து, 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7இல் சேர்ந்தது. 64 பிட் ஆர்ம் செயலியுடன் ஐபோன் 5எஸ் கடைக்கு வந்தது 2013 செப்டம்பரில்தான்.

சிமுலேட்டர்களில் வேகமும் நுணுக்கமும் ஒன்றாக அமைவதில்லை. ஃபாப்ரிஸ் பெல்லார் உருவாக்கிய க்யூஎமு, ஆணைகளைத் தொகுதி தொகுதியாக ஓடும் கணினியின் ஆணைகளாகவே பெயர்த்துவிடுவதால் விரைவாக இயங்கும். ஆனால் ஓர் ஆணைக்கு எத்தனை கடிகாரச் சுழற்சி ஆகும் என்று சொல்லாது. அதைக் கணக்கிடும் ஜெம்5 போன்றவை மெய்யான சில்லைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானவை. மின்சுற்று அளவில் பாவனை செய்தால் இயங்குதளத்தைத் தொடக்குவதே பெரும்பாடு. அந்நிலையில் வடிவமைப்பை, வேண்டிய சுற்றாக மாற்றியமைக்கத்தக்க சில்லான எஃப்பிஜிஏ கொண்ட பலகையில் ஏற்றிச் சோதிப்பர்.

பல கருக்கள் சேர்ந்து இயங்கும்போது எழும் பிழைகள் சிமுலேட்டருக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஓர் ஆர்ம் கரு நினைவகத்தில் எழுதும் இரண்டு மதிப்புகள் மற்றொரு கருவுக்கு வரிசை மாறித் தெரியலாம். கருக்களை முறைவைத்து ஓட்டும் எளிய சிமுலேட்டரில் அப்படி நேராது. இந்த வரிசையைக் காக்கும் ஆணையான மெமரி பேரியர் விடுபட்ட நிரல் அங்கே குறையின்றி ஓடும். சில்லில் எப்போதாவது மட்டும் தவறும்.