இராமாநுஜனும் உபகாரச் சம்பளமும்

கணித மேதை ஸ்ரீநிவாஸ இராமாநுஜன் 1904-ஆம் வருஷம் கும்பகோணம் கவர்ன்மெண்டு காலேஜில் உபகாரச் சம்பளம் பெற்று எப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார். கணிதமொன்றிலேயே மனம் லயித்தமையால் ஏனைய பாடங்களிற் பின்தங்கினார். உபகாரச் சம்பளம் நின்றது. தந்தையாரோ ஜவுளிக் கடைக் குமாஸ்தா; காலேஜுச் சம்பளம் கட்டுவது எங்ஙனம்? 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டணம் போய்விட்டார். மறு வருஷம் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும் பரீக்ஷையில் தேறவில்லை.

நிறுத்தியவர்களை நாம் நிந்திப்பதற்கில்லை, விதிப்படியே செய்தனர். ஆயினும் அவ்விதியால் ஒரு மாணாக்கன் கலாசாலையையே இழந்தான் என்பதை நம் சங்கத்துப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1912-இல் அவர் சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலையார், பட்டமேதும் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் ஆராய்ச்சிக்கென உபகாரச் சம்பளம் அளித்தனர். மூன்று மாதத்திற்கொருமுறை தம் ஆராய்ச்சியை எழுதித் தரவேண்டுமென்பதே நிபந்தனை. முன்பு தவறிய பாடங்களில் மறுபடி தேற வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை.