சிலம்பு கழி நோன்பும் தாயின் வேண்டுகோளும்

பெற்றோர் அறியாமல் தலைவி தான் விரும்பியவனுடன் ஊரைவிட்டுச் செல்வதைச் சங்க அகப்பாடல்கள் உடன்போக்கு என்று குறிக்கின்றன. அப்பாடல்களில் தந்தையின் குரல் கேட்பதில்லை; பெற்றோர் தரப்பில் பெற்றவளாகிய நற்றாயும் வளர்த்தவளாகிய செவிலியுமே பேசுகின்றனர். ஆகவே பிரிந்த மகளுக்கும் தாய்க்கும் இடையே இருந்த மனத்தாங்கலும் அது தணிந்த வகையும் அக்காலத்தில் எவ்வாறு கருதப்பட்டன என்பதை அறிய, இவற்றினும் நெருக்கமான சான்று வேறில்லை.

பிணக்கு உடன்போக்குக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மகளின் களவொழுக்கத்தை, அதாவது மறைவான காதலை, ஐயுற்ற தாய் அவளை வீட்டைவிட்டு வெளியேறாமல் காப்பது இற்செறிப்பு எனப்படும். சில வீடுகளில் அது அடியிலும் முடிந்தது. அகநானூற்றின் 145ஆம் பாடலில், கயமனார் படைத்த தாய் மகளின் கூந்தலைப் பற்றிக்கொண்டு கோல் சிதையும்வரை அடித்திருக்கிறாள். மகளோ, அடிபட்ட முதுகு தன்னுடையதே அன்று என்பதுபோல அசையாமல் நின்றிருக்கிறாள். அவள் போன பின்பு அந்த நிலையே தாயின் நினைவில் தைத்து நிற்கிறது. குறுக்கைப் போர்க்களத்தில் அன்னி என்பவன் திதியன் என்பவனின் காவல்மரமான புன்னையை வெட்டி வீழ்த்திய செய்தியை எடுத்துக்காட்டி, அம்மரம் பட்ட பாட்டை மகளை அடித்த கையும் படட்டும் என்று அவள் சபிக்கிறாள். காவல்மரம் வீழ்வது மன்னனுக்கு நேரும் பேரிழிவாகக் கருதப்பட்ட காலத்தில் இது சிறிய சாபம் அன்று. சங்க இலக்கியத்தில் ஒரு தாய் தன்மீதே கூறும் குற்றச்சாட்டுகளில் இதைவிடக் கடுமையானதைக் காண்பது அரிது.

மகளின் பக்கத்திலும் மனக்குறை உண்டு. ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியின் 385ஆம் பாடலில், சுரத்தைக் கடக்கும் தலைவி எதிரே வரும் வழிப்போக்கரிடம் தாய்க்குச் செய்தி சொல்லியனுப்புகையில், அத்தாயை அறம் இல்லாதவள் என்றே சுட்டுகிறாள். ஊர் திரும்பும் வழியில் 397ஆம் பாடலில் அவள் அனுப்பும் செய்தியோ தாய்க்கு அன்றித் தோழியர் கூட்டத்துக்கே செல்கிறது; தாயை நேரே எதிர்கொள்ளும் துணிவு இன்னும் அவளுக்கு வரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறாகாது. தாயோ அதற்கு முன்பே, 391ஆம் பாடலில், மகள் வரும்படி கரைந்தால் ஊன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் இடுவதாகக் காக்கையிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

இவர்களுக்கு இடையிலான இணக்கம் சடங்கு ஒன்றைப் பற்றிய கோரிக்கையாக வெளிப்படுகிறது. மணமாகாத பெண்கள் காலில் அணிந்த சிலம்பைத் திருமணத்துக்கு முன் நீக்கும் சடங்கு சிலம்பு கழி நோன்பு ஆகும். குறுந்தொகையின் 7ஆம் பாடலில் சுரத்தில் செல்லும் இணையைக் கண்டவர்கள், பெண்ணின் காலில் இன்னும் சிலம்பு இருப்பதைக் கண்டு அவள் மணமாகாதவள் என உணர்கின்றனர். சிலம்பு நீக்கும் விழாவைப் பிறர் கண்டு மகிழத் தான் இழந்ததே நற்றிணையின் 279ஆம் பாடலில் தாயின் துயரமாகிறது. ஐங்குறுநூற்றின் 399ஆம் பாடலில் இத்துயரம் வேண்டுகோளாக மாறுகிறது. தலைவன் வீட்டில் அவனுடைய தாய் இந்நோன்பைச் செய்கிறாள் என்று கேள்விப்பட்ட நற்றாய், சிலம்பு கழிப்பது உங்கள் வீட்டில் நடந்தாலும் வதுவை மணமாவது எங்கள் வீட்டில் நடக்கட்டும் என்று அவளிடம் சொல்லக்கூடாதா என அங்கிருந்து வந்தவர்களைக் கேட்கிறாள். மகளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் இப்பாடலில் இல்லை. எஞ்சிய சினமெல்லாம், பொய் சொல்வதில் வல்லவன் என்ற வசையாகத் தலைவன்மேல் இறங்குகிறது.

வழக்கின்படி பார்த்தால் இந்த வேண்டுகோளுக்குத் தேவையே இருக்கவில்லை. உடன்போன இணைக்குப் பெண்ணைக் கொடுப்போர் இல்லாமலும் கரணம், அதாவது மணச்சடங்கு, உண்டு என்று தொல்காப்பியக் கற்பியல் விதிக்கிறது. தாய் இசைந்தாலும் இசையாவிட்டாலும் அந்த மணம் செல்லும். அப்படியிருந்தும், தன் இசைவை யாரும் கேட்காத நிலையில், அவள் தானாகவே, வந்தவர்கள் வழியாகத் தலைவன் வீட்டுத் தாயிடம் இறங்கிக் கேட்கிறாள்.