சர்வேசுரன், தேவன், கடவுள்

எங்க பாட்டி திண்டுக்கல் சூசையப்பர் கோயிலில் செபம் சொல்லும்போது "சர்வேசுரா" என்றுதான் தொடங்குவார். (இப்போது அது புனித வளனார் பேராலயம். சூசையப்பருக்கும் பெயர் மாறிவிட்டது!) பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. அக்காவுக்கு "தேவனே". ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுறாங்களா என்று சின்ன வயதில் எனக்கு நிஜமாகவே சந்தேகம்.

இந்தச் சிக்கல் பழையது. 1578-ல் கொல்லத்தில் அச்சான என்றிக் அடிகளாரின் நூலுக்குப் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. 1871-ல் பவர் குழுவின் வேதாகமத்தில் 'தேவன்'. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'.

எந்தச் சொல்லும் போதவில்லை. 'தம்பிரான்' சைவ மடத்துத் துறவிக்கும் பட்டம். 'தேவன்' என்றால் இந்திரனும் நினைவுக்கு வருவான். 'கடவுள்' என்பதைக் கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று பிரசங்கத்தில் பிரிப்பார்கள். இலக்கணப்படி அது சரியா என்பது வேற சண்டை.

அப்போ கடவுளை அறியவே முடியாதா? மனித அறிவுக்குள் அவர் முழுசாக அடங்கமாட்டார், ஆனால் இயேசுவில் அவரே தன்னைக் காட்டியதால் அறிய முடியும் என்பது திருச்சபையின் பதில். வரையறுப்பது வேறு, பழகுவது வேறு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பூசைப் புத்தகத்தில் சொல் மாறிய பிறகும் பாட்டி மாறவில்லை. கேட்டால், "எனக்கு அவரைத் தெரியும்டா" என்பார்.