பால்வழியின் விண்மீன் ஓடைகள்: தோற்றமும் அமைப்பும்

1. ஆய்வுப் பொருள்

பால்வழி மண்டலத்தின் தட்டுக்கு மேலும் கீழும், விண்மீன்கள் அருகிக் காணப்படும் புறப்பகுதியில், நீண்ட பட்டையாக ஒரே தடத்தில் செல்லும் விண்மீன் தொகுதிகள் உள்ளன. இவையே விண்மீன் ஓடைகள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட ஓடைகள் அறியப்பட்டுள்ளன. அவை எவ்வாறு பிறக்கின்றன என்பது பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. அவற்றின் வடிவத்தில் காணும் சிதைவுகள் எதைக் காட்டுகின்றன என்பதுதான் இன்றைய முதன்மைக் கேள்வி.

2. தோற்றம்

2.1 கோளக் கொத்துகள்

கோளக் கொத்து என்பது விண்மீன்கள் கோள வடிவில் செறிந்த திரள். பால்வழியைச் சுற்றிவரும் ஒரு கொத்தின் உட்பக்கத்தைப் பால்வழியின் ஈர்ப்பு வலுவாகவும் வெளிப்பக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் விளிம்பு விண்மீன்கள் இருபுறமும் கழன்றுவிடுகின்றன. உட்பக்கம் கழன்றவை சிறிய பாதையில் விரைந்து சுற்றிக் கொத்தை முந்துகின்றன. வெளிப்பக்கம் கழன்றவை பின்தங்குகின்றன. முன்வாலும் பின்வாலும் இப்படித்தான் உருவாகின்றன.

இதற்கு மிகத் தெளிவான சான்று பாலோமர் 5. சுமார் 75,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்தக் கொத்தின் இரு வால்களையும் ஓடன்கிர்ச்சன் குழு 2001-இல் ஸ்லோன் வானளவைப் படங்களில் கண்டது. இன்று கொத்தில் எஞ்சியிருப்பதைவிட வால்களில்தான் விண்மீன்கள் அதிகம். கொத்தினுள் இருக்கும் கருந்துளைகள் இச்சிதைவை விரைவுபடுத்துகின்றன என்றும், சுமார் 100 கோடி ஆண்டுகளில் கொத்து முற்றிலும் கரைந்துவிடும் என்றும் கீலஸ் குழுவின் 2021-ஆம் ஆண்டுக் கணிப்பு கூறுகிறது.

2.2 குள்ள மண்டலங்கள்

பால்வழியைச் சுற்றும் சிறிய மண்டலங்களான குள்ள மண்டலங்களும் இவ்வாறே சிதைந்து ஓடைகளாகின்றன. 1994-இல் இபாட்டா, கில்மோர், இர்வின் மூவரும் கண்டறிந்த தனுசு குள்ள மண்டலம் நம் கண்முன்னே சிதைந்துகொண்டிருக்கிறது. அதன் ஓடை வானம் முழுவதையும் சுற்றி வளைத்திருப்பதை மஜெவ்ஸ்கி குழு 2003-இல் காட்டியது.

தாய் மறைந்துபோன ஓடையிலும் பிறப்பைக் கண்டுகொள்ள வழி உண்டு. கொத்திலிருந்து வந்தது மெல்லியது. அதன் விண்மீன்களில் இரும்பின் அளவு ஏறத்தாழ ஒன்றே. குள்ள மண்டலத்திலிருந்து வந்தது அகன்றது. பல தலைமுறை விண்மீன்கள் கலந்திருப்பதால் இரும்பின் அளவு விண்மீனுக்கு விண்மீன் மாறும்.

3. சிதைவுகள்: ஜிடி-1

கிரில்மேரும் டியோனாடோசும் 2006-இல் கண்ட ஜிடி-1 மெல்லிய, நீண்ட ஓடை. தாய்க்கொத்து கிடைக்கவில்லை. 2018-இல் வெளியான கையா விண்கலத் தரவு, ஏராளமான விண்மீன்கள் வானில் நகரும் திசையையும் வேகத்தையும் தந்தது. ஓடையோடு சேர்ந்து நகராதவற்றை நீக்கியதும் பிரைஸ்-வீலனும் பொனாக்காவும் இரண்டு இடைவெளிகளையும், ஓடைக்குப் பக்கத்தில் பிரிந்து செல்லும் ஒரு கிளையையும் கண்டனர்.

பத்து லட்சம் முதல் பத்துக் கோடி சூரிய நிறை கொண்ட அடர்த்தியான பொருளொன்று அருகில் கடந்து சென்றிருந்தால் இத்தகைய வடிவம் உண்டாகும் என 2019-இல் பொனாக்கா குழு கணக்கிட்டது. அது, ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் கரும்பொருளின் திரளாக இருக்கலாம். தனுசு குள்ள மண்டலமே காரணம் என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. இடைவெளி மட்டும் இருந்திருந்தால் வேறு காரணங்களைத் தேடலாம். ஆனால் கிளையும் சேர்ந்திருப்பதால், ஏதோ ஒன்று அருகில் வந்து இழுத்தது என்ற விளக்கமே வலுவானது என்பது என் மதிப்பீடு. அதைக் கரும்பொருள் என்று உறுதிசெய்ய ஓர் ஓடை போதாது.

4. வளைந்த தடம்: அனாதை ஓடை

தாய் தெரியாததால் ‘அனாதை’ எனப் பெயர் பெற்ற ஓடை வடவானில் முன்பே அறியப்பட்டிருந்தது. 2018-இல் தென்வானில் கண்ட ஓடைகள் சிலவற்றுக்குச் சிந்து, ஜீலம், ராவி, செனாப் என நம் துணைக்கண்டத்து ஆறுகளின் பெயர்களே சூட்டப்பட்டன. அவற்றுள் செனாபும் அனாதை ஓடையும் ஒன்றே என 2019-இல் தெரியவந்தது. இதன் விண்மீன்கள் ஓடையின் தடத்தை ஒட்டி நகராமல் விலகி நகர்கின்றன. பால்வழியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் முகில் இழுப்பதே காரணம். அந்த விலகலைக் கொண்டு எர்கால் குழு முகிலின் நிறையை ஏறத்தாழ 14,000 கோடி சூரிய நிறை என மதிப்பிட்டது.

ஜிடி-1 ஆய்வுக்குப் பயன்பட்ட கையா தரவு எவருக்கும் இலவசம். ஜிடி-1-ஐ அதிலிருந்து பிரித்தெடுக்கக் கணினியும் பைத்தான் நிரல்மொழியில் ஓரளவு அறிவும் போதும். நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் இதை முதுகலை ஆய்வுப் பயிற்சியாகவே வைக்க வேண்டும்.